பாகலுக்கு முன் நறுக்கியது

வாயைக் கொப்பளித்துத் துப்பினாள், இன்னொரு தரம் கொப்பளித்துத் துப்பினாள், மொட்டைமாடிக் குழாயை இறுக்கி மூடிவிட்டு முந்தானையால் நாக்கையே துடைத்துப் பார்த்தாள் உலகம்மாள், ஆனாலும் அந்தக் கசப்பு தொண்டைக்கு மேலே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு இறங்கவும் மாட்டேன் ஏறவும் மாட்டேன் என்றது. நகக்கண் அளவுத் துண்டுதான். கொடியில் கடைசியாகத் தொங்கிய பிஞ்சுச் சுரைக்காய், சும்மா ஒரு சந்தேகத்துக்குக் கிள்ளியது. காலையில் போனில் மாடித்தோட்டக் குழுவில் யாரோ ஒரு மகராசி, கசக்கிற சுரைக்காய் விஷம், காயவைத்தாலும் போகாது வேகவைத்தாலும் போகாது, போன வருஷம் என் சித்தப்பா ரத்தமாக வாந்தி எடுத்தார் என்று எழுதிப் படமும் போட்டிருந்தாள், அதனால்தான் மேலே ஏறி வந்து கிள்ளினாள். குழுவைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். பார்க்காமல் இருந்திருந்தால் விஷம் விஷமில்லாமல் போய்விடுமா, கோட்டி பிடித்தவளே. இதே கொடியில் முதலில் காய்த்த நாலு காயையும் வட்ட வட்டமாக நறுக்கி, பாகற்காயோடு சேர்த்து உப்புத் தயிரில் ஊறப்போட்டு, நாலு வெயில் காயவைத்து, பச்சை மூடி போட்ட டப்பாவில் அடைத்து, ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த மகன் மூர்த்தி கையில் கொடுத்து ராஜபாளையத்துக்கு அனுப்பியாயிற்று. அங்கே மருமகள் வினோதினி, பிள்ளை பெற்று இருபத்திரண்டே நாள் ஆனவள், தாய்வீட்டில் பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறாள். பன்னிரண்டரைக்கெல்லாம் அவளுக்கு இலை போட்டுவிடுவார்கள். இப்போது மணி பதினொன்றே முக்கால், போன் இடுப்பில்தான் செருகியிருந்தது.

சுரை மட்டும் என்றால் பயமில்லை, வாயில் வைத்ததுமே தூ என்று துப்பிவிடுவாள். பாகல் கலந்தல்லவா கிடக்கிறது. பாகல் வத்தல் கசக்கத்தானே செய்யும், கசப்பு பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று அவளுடைய அம்மாவே இன்னும் ரெண்டு அள்ளி வைப்பாள், அதுவும் தலையாட்டிக்கொண்டு தின்னும், தின்றது பாலில் இறங்கும், பால் அந்தச் சின்ன வாய்க்குள். அங்கே போகாதே என்று உலகம்மாள் தன் மனசை இழுத்துப் பிடித்தாள். ஒரே கொடியில் ஒரு காய் கசக்கும், ஒரு காய் கசக்காது, அப்படியும் உண்டு. முதல் நாலும் நல்ல காயாகவே இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்ன, நறுக்கும்போது பார்த்திருப்பாயே. சுரை, பீர்க்கு, வெள்ளரி, எதை நறுக்கினாலும் காம்புப் பக்கம் ஒரு துண்டு அரிந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுவாள், முப்பது வருஷமாகக் கை தன்பாட்டுக்குச் செய்கிற வேலை அது. அன்றைக்குச் செய்யவில்லை. அன்றைக்குக் கிருத்திகை. சாயங்காலம் விளக்கேற்றி முருகனைக் கும்பிடும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது, அப்படி ஒரு விரதம், மூர்த்தி பிறக்க வேண்டும் என்று தொடங்கி, அவன் பிறந்து அவனுக்கும் ஒன்று பிறந்த பிறகும் விடாமல் இருக்கிற விரதம். காயை மறுநாள் நறுக்கினால் யார் தலையை வாங்கப் போகிறார்கள். முற்றிவிடும், வெயில் வீணாகிவிடும் என்று என்ன ஒரு அவசரம் அவளுக்கு. நறுக்கிக்கொண்டிருந்தபோது மேலுதட்டில் வியர்த்தது, புறங்கையால் துடைத்தாள், உதட்டில் சுருக்கென்று ஒரு கசப்பு பட்டது. அது ஞாபகம் இருக்கிறது. விரதம் முறிந்துவிடக் கூடாதே என்று உடனே துப்பியதும் ஞாபகம் இருக்கிறது. பாகல் கசப்பு என்று நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. அரிவாள்மனை ஒன்று, கை ஒன்று, பாகல்தான் கையில் ஒட்டியிருக்கும். பாகலை முதலில் நறுக்கியிருந்தால்.

முதலில் பாகல், அப்புறம் சுரை. அப்படித்தான் இருக்கும். அப்படித்தானே எப்போதும் செய்வாள், அல்லது அப்படித்தான் செய்வாளா, இப்போது யோசிக்க யோசிக்க எப்போதும் எப்படிச் செய்வாள் என்பதே மறந்து போயிற்று. அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்த தன்னைத்தானே பார்க்கப் பார்த்தாள். வலது காலை மடக்கி, இடது பக்கம் முறம், வலது பக்கம் தயிர்ச்சட்டி. முறத்தில் என்ன இருந்தது. முறம் தெரிகிறது, முறத்தின் ஓரத்தில் சாணி மெழுகியது உதிர்ந்திருப்பது தெரிகிறது, உள்ளே இருந்தது தெரியமாட்டேன் என்கிறது. மாடியில் விரித்திருந்த வேட்டியில் ஒரு காக்கா வந்து மோர்மிளகாயைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் உதறியது. சூ என்றாள். காக்காய்க்குக்கூடத் தின்னும் முன்னால் கொத்திப் பார்க்கத் தெரிகிறது. மிளகாயைப் புரட்டிவிட வேண்டும், இன்றைக்கு மூன்றாவது வெயில், ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் பச்சையாகக் கிடக்கிறது. குனிந்து நாலு மிளகாயைப் புரட்டினாள். ஐந்தாவதைப் புரட்டும்போது, நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் உலகு, அங்கே அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று ஒரு குரல் உள்ளே கேட்டது, அவள் நிமிர்ந்துவிட்டாள்.

நாலே வார்த்தை. வினோ, அந்த வத்தலத் தின்னாத. அவ்வளவுதான், சொல்லி வைத்துவிடலாம். ஏன் அத்தை என்று கேட்பாளே. கேட்காமல் இருந்தாலும் பக்கத்தில் அவள் அம்மா ஆவுடைத்தங்கம் இருப்பாள், போன் மணி அடித்தாலே யாரு என்னவாம் என்று கேட்கிறவள். அவளுக்கு என்ன பதில். விஷத்தை அனுப்பிவிட்டேன் மதினி, தெரியாமல் நடந்துபோச்சு என்றா. ஆஸ்பத்திரியில் வைத்து, பிள்ளை பிறந்த மறுநாள், பூண்டு ரசம் வைத்து பிளாஸ்கில் கொண்டு போனாள் உலகம்மாள். ஆவுடைத்தங்கம் வாங்கவே இல்லை. "அங்க வச்சிருங்க மதினி, வெளிச் சாப்பாடு இப்ப எங்க பிள்ளைக்கு ஒத்துக்காது" என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வெளிச் சாப்பாடு. தாலி கட்டிக் கூட்டி வந்த வீட்டுச் சாப்பாடு வெளிச் சாப்பாடு. மறுநாள் காலையில் பிளாஸ்க் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, ரசம் புளித்து நாறியது, அதை ஆஸ்பத்திரி வாஷ்பேசினில் ஊற்றிக் கழுவியபோது கண்ணில் நீர் வந்தது மிளகு நெடியால் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டாள். அப்படிப்பட்டவளிடம் போய், நீ பயந்தது சரிதான் என்று தானே எழுதிக் கொடுப்பதா. ஊரெல்லாம் சொல்லுவாள். மூணாம் மாசம் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று சொன்ன ஆத்திரத்தில் மாமியார்க்காரி வைத்துவிட்டாள் என்பாள். கேட்கிறவர்கள் நம்புவார்கள். மூர்த்தி நம்பமாட்டான். நம்பமாட்டானா, அல்லது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, இனிமேல் அம்மா கொடுக்கிற டப்பாவை பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டுப் போவானா.

இந்தப் பாழாய்ப்போன கொடியை அவள் விதைக்கக்கூட இல்லை. காய்கறிக் கழிவு போடுகிற சாக்குப்பையில் தானாய் முளைத்தது. எந்தக் காயின் விதையோ, எந்தக் காட்டுச் சுரையோடு கலந்ததோ, யார் கண்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு நல்ல விதையாக ஊன்று என்று வீட்டுக்காரர் வேலாயுதம்கூடச் சொன்னார், மரக்கடையில் வேலை பார்க்கிற மனுஷன், செடியைப் பற்றி அவர் ஒரு பேச்சுப் பேசுவதே அபூர்வம், அன்றைக்குப் பார்த்துப் பேசினார். உயிர் பிடித்து வந்ததை எப்படிப் பிடுங்குவது, வினோவும் அப்போது மாசமாக இருந்தாள், வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு பிஞ்சைப் பிடுங்க மனசு வரவில்லை. பந்தல் கட்டினாள், மோர் ஊற்றினாள், மாவுப்பூச்சி வந்தபோது ஒவ்வொரு இலையாகத் துணியால் துடைத்துவிட்டாள். அப்புறம் பிரசவம் என்று ராஜபாளையம் போய்ப் பதினோரு நாள், தென்காசிக்கே காற்று நின்றுபோன சித்திரை, இவர் ஊற்றிய தண்ணீர் பையின் மேல்மண்ணைத் தாண்டியிருக்காது. திரும்பி வந்து பார்க்கும்போது இலையெல்லாம் தொங்கிக்கொண்டு, காய் மட்டும் நாலு கொழுகொழுவென்று நின்றது. தாகத்தில் நிற்கிற சுரை கசக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரியும், அதை இன்றைக்குக் குழுவில் படித்துத் தெரிந்துகொண்டதாக ஏன் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருக்கிறாள். விஷம் என்பதுதான் இன்றைக்குத் தெரிந்தது. கசக்கும் என்பது அன்றைக்கே தெரியும். இந்தக் காய் கசக்குமோ என்று அரிவாள்மனையை எடுத்துப் போடும்போதே ஒரு நினைப்பு வந்தது, வந்து போயிற்று. கால் சுட்டது. செருப்புப் போடாமல் ஏறி வந்திருக்கிறாள், அது இப்போதுதான் தெரிந்தது. தொட்டி நிழலுக்கு நகர்ந்தாள்.

நிழலில் நின்றதும் முறம் நன்றாகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தது வெயில் இல்லை போலும். முறத்தில் பாகற்காய் இருந்தது. முழுசாக, காம்போடு, ஒன்றுகூட நறுக்காமல் இருந்தது. ஏனென்றால் அப்போது போன் அடித்தது, எழுந்து போய் எடுக்கும்போது முழங்கால் இடித்து முறம் சாய்ந்து பாகற்காய்கள் உருண்டன, உருண்டவற்றைக் காலால் ஒதுக்கிக்கொண்டே பேசினாள். மூர்த்தி பேசினான். "எம்மா, மூணாம் மாசம் வேண்டாமாம். அஞ்சு மாசம் ஆகட்டும்னு அவங்க அம்மா சொல்லுதாங்க" என்றான். அவங்க அம்மா சொல்லுவா, நீ என்ன சொன்ன என்று கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கி, "வினோவும் அதத்தாம்மா சொல்லுதா" என்றான். சரிய்யா என்று வைத்துவிட்டாள். உள்ளறையில் தொட்டில் கட்டப் புதுக் கொக்கி அடித்து வைத்திருந்தது, ஆளை வரவழைத்து, ஆளோடு சண்டை பிடித்து, இரண்டு தரம் தொங்கிப் பார்த்து அடித்த கொக்கி. அதைப் பார்த்துக்கொண்டே வந்து மறுபடி மனைமுன் உட்கார்ந்தாள். மூன்று சுரைக்காய் நறுக்கியாயிற்று, நாலாவது கையில் இருந்தது. வியர்த்தது, துடைத்தாள், கசந்தது. பாகல் கசப்பு என்று நினைத்தாள். உருண்டு கிடக்கிற முழுப் பாகற்காயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நினைத்தாள். நாலாவதையும் நறுக்கினாள், எல்லாவற்றையும் கை நிறைய அள்ளித் தயிரில் போட்டாள், அப்புறம்தான் பாகலை எடுத்தாள்.

அட பாவி. கொல்ல வேண்டும் என்று நினைத்தாயா. இல்லை, சத்தியமாக இல்லை, முருகன் அறிய இல்லை. அப்படியானால் என்ன நினைத்தாய். ஒன்றும் நினைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது, கெட்டதை நினைத்திருந்தால்கூடத் திட்டி விரட்டிவிடலாம், ஒன்றுமே நினைக்காமல் கை மட்டும் செய்திருக்கிறது. கசந்தால் கசக்கட்டும், அவளும் கொஞ்சம் முகத்தைச் சுளிக்கட்டும். அவ்வளவுதான் இருந்திருக்கும். ஒரு முகச்சுளிப்புக்கு ஆசைப்பட்டாள் என்றே வைத்துக்கொள்வோம், அதற்கு இவ்வளவு பெரிய கூலியா. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே படியில் இறங்கினாள். அடுக்களையில் தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு பிடி வத்தல் சின்ன பாட்டிலில் இருந்தது. தட்டில் கொட்டிப் பிரித்தாள், முள்முள்ளாய் இருப்பது பாகல், வழவழவென்று வெளுத்துச் சுருண்டிருப்பது சுரை. சுரை மட்டும் மூன்று வட்டம் எடுத்து எண்ணெயில் போட்டாள். பொரிந்து மேலே வந்தது, நல்ல நிறம், நல்ல வாசனை, பார்த்தால் யாருக்கும் தின்னத் தோன்றும். ஒன்றை மென்றாள். உப்பு, புளிப்பு, அதற்குப் பின்னால் அது. பாகல் கசப்பு நாக்கில் பட்டு மறைந்துவிடும், இது மறைகிற கசப்பில்லை. துப்பவில்லை, விழுங்கினாள். இரண்டாவதையும் தின்றாள். மூன்றாவதையும் தின்றுவிட்டு, எனக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போன் செய்யலாம், ஒன்றும் ஆகவில்லை என்றால் பேசவே வேண்டாம் என்று சுவரோரமாக உட்கார்ந்தாள். நல்ல ஏற்பாடு. இவள் வயிறு தீர்ப்புச் சொல்வதற்குள் அங்கே இலை எடுத்திருப்பார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு பத்தொன்பது ஆயிற்று. இருபது ஆயிற்று. அவள் போனை எடுத்தாள்.

நாலு தரம் மணி அடித்த பிறகு வினோதினியே எடுத்தாள், குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள். "சொல்லுங்க அத்தை. இப்பத்தான் பிள்ளை கண்ணசந்தா."

"சாப்ட்டியாம்மா?"

"இன்னும் இல்ல. அம்மா இலை நறுக்குதாங்க."

"என்ன வச்சிருக்காக?"

"பூண்டுக் குழம்பு. தினம் அதான்."

"வத்தல் ஏதும் பொரிச்சாகளா" என்று கேட்டாள்.

இன்னும் மெதுவாக, "தப்பா எடுத்துக்கிடாதீங்க அத்தை" என்றாள் வினோதினி. "உங்க டப்பாவ அம்மா தொறக்கவே இல்ல. பரண் மேல தூக்கி வச்சிட்டாங்க. பிள்ளை பெத்த உடம்புக்கு எங்கிட்டோ செஞ்சது வேண்டாம்னு. நான் சொல்லிப் பார்த்தேன், கேக்க மாட்டேங்காங்க."

முருகா என்று வாய் மட்டும் அசைந்தது. திறக்கவே இல்லை. அந்த ஆவுடைத்தங்கம் நூறு வருஷம் இருக்க வேண்டும், அவள் திறக்காத மூடி வாழ்க என்று மனசு கையெடுத்துக் கும்பிட்டது, கும்பிட்ட கை இறங்குவதற்குள், எங்கிட்டோ செஞ்சதாமே என்று இன்னொரு பக்கம் பொசுபொசுவென்று ஏறியது. நாலு நாள் வெயிலில் நின்று காக்கா விரட்டிக் காயவைத்தது எங்கிட்டோ செஞ்சதா. வெட்கமில்லாத மனசு, கோபப்பட அதற்கு இன்னும் இடமிருக்கிறது. இருக்கட்டும், பரணிலேயே கிடக்கட்டும், புழுத்து உளுத்துப் போகட்டும். ஒரு பேச்சும் பேச வேண்டாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது, உலகம்மாளுக்கும் முருகனுக்கும் மட்டும்தான் தெரியும். சரிம்மா வச்சிருதேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஆனா அத்தை," என்று வினோதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், "நான் நேத்து உங்க மகன்கிட்ட ஸ்டூல் போடச் சொல்லி ஒரு கை அள்ளி வச்சிருக்கேன், தலகாணி உறைக்குள்ள. சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போவாங்க, அப்பப் பொரிச்சுத் தின்னுருவேன். இந்தப் பூண்டத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. உங்க கை வத்தல்னா எனக்கு உசுரு, தெரியும்லா."

"தின்னாத."

"அத்தை?"

"தின்னாதளா. அந்தச் சுரைக்கா கசப்பு. பேய்ச்சுரை மாதிரி, விஷம்." மூச்சு வாங்கியது. இங்கே நிறுத்திக்கொள்ளலாம், தெரியாமல் நடந்தது என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது, அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றது. "எனக்கு அன்னைக்கே தெரியும். நறுக்கும்போதே உதட்டுல கசந்திச்சு. பாகல நான் அப்ப நறுக்கவே இல்ல. உன் மேல உள்ள கோவத்துல போட்டுட்டேன். விஷம்னு தெரியாது, கசக்கும்னு தெரியும். இப்பத்தான் நானே மூணு தின்னு பாத்தேன்."

குழந்தை ஒரு தரம் சிணுங்கிவிட்டு அடங்கியது. தூரத்திலிருந்து ஆவுடைத்தங்கத்தின் குரல், "யாருளா போன்ல? என்னவாம்?" என்றது. வினோதினி போனை வைத்துவிட்டாள்.

இப்போது வினோ சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா முன்னால் நின்று, தலையணை உறையை உதறிக் காட்டி, சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்ல வேண்டியதுதான், சொல்லாமல் எப்படி இருப்பாள், தன் பிள்ளை குடிக்கிற பாலில் கை வைத்தவளைப் பற்றி எவள்தான் சொல்லாமல் இருப்பாள். இனி அஞ்சு மாசமும் இல்லை, அஞ்சு வருஷமும் இல்லை. உள்ளறைக் கொக்கியில் துணிக்கொடி கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அடிவயிற்றில் யாரோ துணியை முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி வந்தது, நின்றது, திரும்ப வந்தது. நல்லது, வரட்டும் என்று இருந்தது அவளுக்கு, இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்தது வந்து சேர்ந்துவிட்டது, வர வேண்டிய வயிற்றுக்கே வந்திருக்கிறது. நெற்றியில் வியர்வை ஊறியது, இந்தத் தரம் அதைப் புறங்கையால் துடைக்கவில்லை. போன் அடித்தது. திரையில் வேலாயுதம் பெயர் இருந்தது. அவருக்கும் சொல்லியாயிற்றா. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், நின்றுவிட்டு மறுபடியும் அடித்தது, எடுத்தாள்.

"என்னத்தத் தின்ன?" என்றார். பின்னால் மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. "பழைய தயிரத் தின்னு உனக்கு வயித்தக் கலக்குதாம், வினோ போன் போட்டா. உடனே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மாமான்னு அழுதா. தயிருக்கு எதுக்குளா அழுதா அவ? வண்டி எடுத்துட்டேன், அஞ்சு நிமிசத்துல வாரேன்."

உலகம்மாள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொன்னா," என்றார் வேலாயுதம். "டப்பாவோட கொட்டியாச்சு, எறும்பு புடிச்சிருந்திச்சுன்னு எங்க அம்மாகிட்டச் சொல்லிட்டேன், அத்தைகிட்ட மட்டும் சொல்லிருங்கன்னா. என்னத்தக் கொட்டினா அவ?"

வலி திரும்ப வந்து பிடித்தது. அது விடும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"வாங்க," என்றாள், "சொல்லுதேன்."